காப்பிக்கு முன்னால் வாசித்த முடிவு

தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டதும் நீங்கள் மூவரும் பள்ளியின் முழுப்பெயரையும் சொல்லியிருப்பீர்கள். அவர் முழித்திருப்பார். பிறகு, "குத்தாலம் ரோட்டுல பேசாப் பள்ளிக்கூடமா? அத முதல்லயே சொல்லப்படாதா?" என்று வண்டியை எடுத்திருப்பார். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கும் முதல் நாள் அப்படித்தான் நடந்தது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ரஹ்மத் டீச்சர் கேட்டார். "பாடம் எப்படி நடத்தணும்னு நாங்க சொல்லிக்குடுத்துருவோம். மத்தத நீங்க எழுதுங்க" என்றார். மற்றதில் இந்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்னை அறிந்தவர்கள் இதில் தேதிகளைத் தேடுவார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நாளை ஒவ்வோர் ஆண்டும் குறித்து வைக்கிற ஆள் நான். பேரருவியில் முதல் தண்ணீர் விழுந்தது திங்களா செவ்வாயா என்று கடைக்காரர்களோடு வாதாடியிருக்கிறேன். ஆனாலும் இங்கே தேதி போடவில்லை. இதில் வருகிறவர்கள் இன்றும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறவர்கள். சண்டைக்குத் தேதி குறித்து வைத்தால் அதற்கு ஆண்டுவிழா எடுக்க யாராவது வந்துவிடுவார்கள்.

முதலில் பள்ளியின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தொடங்கியவர்கள் கடல் கடந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். குவேக்கர்கள். தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சபையினர். அவர்களுடைய கூட்டத்தில் பாதிரியார் இல்லை, பாட்டில்லை, படையல் இல்லை. வட்டமாக உட்கார்ந்து வாய் திறக்காமல் இருப்பதே வழிபாடு. யாருக்காவது சொல்ல ஒன்று உள்ளே தோன்றினால் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காரலாம். மறுபடியும் மௌனம். நிர்வாகத்தையும் அப்படியே நடத்துவார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்துக்கு ஓர் எழுத்தர் உண்டு. அவருக்குத் தலைவரின் அதிகாரம் எதுவும் இல்லை. பேசுகிறவர்களையும் பேச்சுக்கு இடையிலுள்ள மௌனத்தையும் கேட்டு, கூட்டத்தின் மனம் இதுதான் என்று எழுதி அங்கேயே வாசிப்பார். யாராவது ஒருவர் எழுந்து "எனக்கு இசைவில்லை" என்றால் போதும், அந்த முடிவு நின்றுவிடும்.

காலையில் பிள்ளைகள் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்வது அங்கிருந்து வந்த பழக்கம். ஒருமுறை கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி முன்னறிவிப்பின்றிச் சரியாக அந்த நேரத்தில் வந்துவிட்டார். கூடம் நிறையப் பிள்ளைகள் கண்ணை மூடித் தலை குனிந்திருப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், கைகட்டி வாசலிலேயே நின்றார். மணி அடித்ததும் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "யாரு தவறிட்டாங்க?" என்றார். யாரும் இல்லை சார் என்றேன். அவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. பல நாள் இதைச் சொல்லிச் சிரித்தோம். அதே தவறு மறுபக்கமிருந்தும் நடக்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிகள் திறந்தபின் எங்கள் பிள்ளைகள் குறையத் தொடங்கினார்கள். பெரிய பள்ளிகளின் மஞ்சள் பேருந்துகள் வடகரைத் தெருமுனை வரை வந்து ஏற்றிக்கொண்டு போயின. எங்களுக்குப் பேருந்து இல்லை. அந்த நேரம் பார்த்து, நெடுநாள் தலைமையாசிரியராக இருந்தவர் உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டோடு போய்விட்டார். தலைமை ஆசிரியர் இல்லாமல் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. அறங்காவலர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஆனி முடிவதற்குள் எல்லோருக்கும் இசைவான ஒருவரைச் சொல்லுங்கள், இல்லையேல் இந்த ஆண்டோடு பள்ளியை மூடுகிறோம்.

இரண்டு பெயர்கள் இருந்தன.

ஒருவர் செல்வின். கணித ஆசிரியர், சபைக் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே படித்தவர். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தப் பள்ளிக்காகவே திரும்பி வந்தவர். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் எந்த வரியில் தவறும் என்பது அவருக்குத் தெரியும். சட்டைக் கைமடிப்புக்கூடக் கலையாத மனிதர்.

மற்றவர் ரஹ்மத் டீச்சர். கடையநல்லூரிலிருந்து பேருந்தில் வருகிறவர், இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய வகுப்பின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஊரில் பாதித் தாய்மார்களுக்கு அவர் சொன்னால் அதுதான் வேதம்.

அப்போது எழுத்தராக இருந்தவரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். செங்கோட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் எஸ்.எம். ஐயா என்போம். சபைக்காரர். எழுத்தர் வேலையின் நிதானத்தை நான் அவரிடம்தான் பார்த்தேன். வைகாசியில் கூட்டம் வைத்தபோது, அதுவரை இல்லாத வழக்கமாகப் பெற்றோர்களையும் அழைத்தவர் அவர்தான். "அவிய பிள்ளையள்தான படிக்குது? அவியளும் வட்டத்துல உக்காரட்டும்" என்றார். இதை நினைவில் வையுங்கள். அடுத்து நடந்த தவறு நல்ல மனத்திலிருந்து வந்தது.

கூட்டத்துக்கு வடகரையிலிருந்தும் மேலகரத்திலிருந்தும் பெற்றோர் வந்தார்கள். நல்ல சேலை, தேய்த்த சட்டை. எஸ்.எம். ஐயா இரண்டு பெயர்களையும் சொல்லி, "மனசுல பட்டத எந்திச்சுச் சொல்லலாம்" என்று ஆரம்பித்துவைத்துக் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்து செல்வினுக்காகப் பேசினார்கள். பிறகு மௌனம். பின் சுவரில் பல்லி கத்தியது. யாரும் எழவில்லை. எஸ்.எம். ஐயா வெகுநேரம் காத்திருந்தார். அவசரப்பட்டார் என்று சொல்லவே முடியாது. கடைசியில், செல்வின் தலைமையாசிரியராவதில் கூட்டம் ஒருமனப்பட்டிருக்கிறது என்று எழுதி வாசித்தார். அப்போதும் யாரும் எழவில்லை. காப்பி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். இவ்வளவு இணக்கமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்று அன்று வீட்டில் சொன்னேன்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் வரிசை நின்றது. எல்லோருக்கும் டி.சி. வேண்டுமாம்.

வரிசையின் முன்னால் இசக்கியம்மாள் நின்றார். வடகரைக்காரர், சீசனில் ஐந்தருவிப் பக்கம் பழக்கடை போடுகிறவர். அவர் மகன் அப்போது ஆறாம் வகுப்பு.

"என்ன இசக்கியம்மா, நேத்து கூட்டத்துல இருந்திய. ஒண்ணும் சொல்லலையே?" என்றேன்.

"இப்ப சொல்லுதோம்லா. டி.சி. தாங்க."

"ரஹ்மத் டீச்சர்தான் வரணும்னா நேத்தே சொல்லியிருக்கலாம்."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு டீச்சர். நீங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து வாசிச்சிட்டிய."

ரஹ்மத் டீச்சர் இரண்டாம் வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு ஓடிவந்தார். "ஏ அக்கா, என் பேர இதுல இழுக்காதிய. நான் கேட்டனா? நாளைக்கு ரஹ்மத்துதான் கிளப்பி விட்டான்னு சொல்லுவாவ."

"நீ சும்மா இரு டீச்சர். உனக்கு ஒண்ணும் தெரியாது."

செல்வின் வராந்தாவின் மறுகோடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் வகுப்பெடுத்தார். சபைக் குடும்பங்களில் வேறு பேச்சுப் புறப்பட்டது: கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கலகம் செய்கிறார்கள் என்று. பெற்றோரிடையே இன்னொரு பேச்சு: சபைக்காரர்கள் முன்னமே எழுதி வைத்துக்கொண்டு நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள் என்று. அதோடு, செல்வின் மைதானத்தை விற்கப்போகிறார் என்ற புரளி வேறு. இரண்டு பக்கமும் மனப்பூர்வமாக நம்பியே பேசினார்கள். டி.சி.க்களை இப்போது தர முடியாது, ஆனி முடியட்டும் என்று, தலைமையாசிரியர் இல்லாததால் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நான் இழுத்துப் பிடித்தேன்.

ஓட்டெடுத்துவிடலாம் என்ற யோசனை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஓர் ஆசிரியர் என்னிடமே, "டீச்சர், வருசா வருசம் பிள்ளையளுக்குக் குடவோலை நடத்திக் காட்டுவியளே. ரெண்டு பேரையும் ஓலையில எழுதிக் குடத்துல போட்டு ஒண்ண எடுத்துருவோம். சோலி முடிஞ்சுது" என்றார். சிரித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல வழியாகவே பட்டது.

ஆனியில் சாரல் தொடங்கியது. நாளைக் குறிக்க வழக்கம்போல் ஐந்தருவிக்குப் போனேன். சாலையோரத்தில் இசக்கியம்மாள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"குளிக்காமலா போறிய? இம்புட்டுத் தூரம் வந்துட்டு?" என்று கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்.

அருவிக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். காதோடு காதாகக் கத்தினால்தான் கேட்கும். அங்கே மரியாதையாகத் தயங்கித் தயங்கிப் பேச வழியே இல்லை. நான் கத்தினேன்.

"கூட்டத்துல ஏன் பேசல?"

"எங்கன பேச?" அவரும் கத்தினார். "நீங்க எல்லாம் கண்ண மூடி சாமி கும்புட்டுட்டு இருக்கிய! எங்க கோயில்ல சாமி வந்து ஆடும்போது குறுக்க எந்திச்சு கத பேசுவோமா? எங்கள என்னன்னு நெனச்சிய?"

"பேசலாம்னுதான ஐயா சொன்னாவ?"

"சொல்லிட்டுக் கண்ண மூடிட்டாவல்லா! கும்புட்டு முடியட்டும், காப்பி குடுப்பாவ, அப்பப் பைய சொல்லுவோம்னு இருந்தோம். எங்க வீட்டுக்காரரு மேலகரத்துக்காரங்ககிட்டயும் பேசி வச்சிருந்தாரு. காப்பி வரதுக்கு முன்னால முடிவ வாசிச்சிட்டிய! பொறவு காப்பிய எப்படிக் குடிக்க? கசந்துச்சு!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வெளியூர்ப் பெண் எங்கள் இருவரையும் சண்டைக்காரிகள் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

"செல்வின் சார் மேல என்ன கோவம்? மைதானத்த அவரு ஒண்ணும் விக்கப் போகல. அது சுத்தப் பொய்!"

"மைதானம் கெடக்கட்டும்! எங்க ஊரு பஸ்சு என்னைக்குச் சரியா வந்துச்சு? பிள்ள ஓடி வருவான், மணி அடிச்சிரும், அவரு கேட்டப் பூட்டிருவாரு. மௌனம் கலையப்படாதாம். உள்ள பிள்ளையள் பேசாம இருக்கும், வெளிய எங்க பிள்ளையள் மழையில நிக்கும். ரஹ்மத் டீச்சர் பாத்தா வராந்தா பக்கக் கதவத் தொறந்து விட்டுரும். பாக்கலேன்னா அந்தப் பத்து நிமிசமும் ரோட்டுலதான். அவரு தலைமையா வந்தா அந்தக் கதவையும் பூட்டிருவாருல்லா?"

கரையேறித் தலை துவட்டும்போது ஒரு மங்குஸ்தானை உடைத்து என் கையில் வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். கோபம் தீரவில்லை என்றும் சொன்னார்.

நேரே செங்கோட்டைக்குப் போனேன். எஸ்.எம். ஐயா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், மாலையில் கொல்லம் போகிற வண்டி புறப்படுவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். நடைமேடைப் பெஞ்சில் இருந்தார். இசக்கியம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "பேசாம இருந்தா சம்மதம்னுதான அர்த்தம்?"

"பொண்ணு பாக்கப் போன வீட்டுல வேணும்னா அப்படி, ஐயா. மத்த எடத்துல நம்ம ஊர்ல பேசாம இருந்தா, பெரியவங்க முன்னால மறுத்துச் சொல்ல மாட்டேன்னு அர்த்தம்."

வண்டி ஊதியது. பச்சைக் கொடி அசைந்தது. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டுப் பேசினார்.

"அடுத்த ஸ்டேஷன்காரன் 'லைன் கிளியர், அனுப்பு'ன்னு சொல்லாம நான் ஒரு நாளும் வண்டி விட்டதில்ல டீச்சர். மழை இடி மின்னல்னு லைன்ல ஒண்ணும் கேக்காது. பதில் வரலேன்னா வரலேன்னுதான் அர்த்தம். சம்மதம்னு எடுத்துக்கிட்டு வண்டிய விட்டா என்னத்துக்கு ஆகும்? சர்வீஸ் முழுக்க அப்படி இருந்தவன், அன்னைக்கு விட்டுட்டேன்." பிறகு, "செல்வின் வரணும்னு எனக்கு ஆசை. சபைப் பள்ளிக்கூடத்துக்குச் சபைப் பிள்ளைன்னு. அதான் காதுல விழுந்திருக்கு" என்றார்.

ஆனி முடியப் போகிறது, பேசாமல் ஓட்டெடுத்துவிடலாம் என்றேன்.

"எடுக்கலாம். தோத்தவன் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவான். ஜெயிச்சவனுக்கு என்ன மிஞ்சும்? கட்டடம். அதத்தான் பூட்டப் போறாவ. அதுக்கு எதுக்கு ஓட்டு?" என்று எழுந்தார். "வேற ஏதாவது சொல்லுங்க."

"காப்பிய முதல்ல குடுங்க" என்றேன். அருவிக் குளிரில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அப்படித்தான் இரண்டாவது கூட்டம் காப்பியோடு தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை சாரல் விடாமல் அடித்தது. சுக்குக்காப்பி, மிக்சர். வட்டத்தில் போட்ட நாற்காலிகளை யாரும் சட்டை செய்யவில்லை. கூடத்தின் நான்கு மூலையிலும் ஒரே இரைச்சல். எஸ்.எம். ஐயா டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கும்பலாகப் போய் நின்றார். பேச்சு அடங்கவே நெடுநேரம் பிடித்தது. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, தான் மட்டும் நின்றார்.

"போன கூட்டத்துல நான் வாசிச்சது தப்பு. யாரும் சொல்லாதத சொன்னதா எழுதிட்டேன். அது இன்னையோட இல்ல. இன்னொண்ணு. இது கும்புடுற நேரம் இல்ல. நான் கண்ணத் தொறந்தேதான் இருக்கப் போறேன். எந்திச்சுப் பேசுங்க. பேசாம இருந்தியன்னா மறுபடியும் ஏதாவது தப்பா எழுதிப்புடுவேன்."

சிரிப்பு அடங்கி மௌனம் வந்தது. இந்த முறை அது வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் யார் எழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கியம்மாள் எழுந்தார். அருவியில் கத்திய அதே குரலில் தொடங்கி, தன் குரல் தனக்கே அதிகமாகக் கேட்டதும் தணித்துக்கொண்டார். மைதானம் பற்றிக் கேட்டது பொய் என்று டீச்சர் சொன்னார்கள், நம்புகிறேன் என்றார். பிறகு கதவைப் பற்றிச் சொன்னார். பேருந்து, மழை, ரோடு. "செல்வின் சார் கணக்கு சொல்லிக்குடுத்தா என் மவன் வீட்டுல வந்து அவன் அப்பாவுக்குச் சொல்லிக்குடுக்கான். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா உள்ள இருக்க பிள்ளையள் அமைதியா இருக்கணும்னா எங்க பிள்ளையள் ஏன் வெளிய நிக்கணும்? அத மட்டும் யாராவது சொல்லுங்க" என்று உட்கார்ந்தார்.

கூரை ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும். அந்த மௌனத்தில்தான் செல்வின் எழுந்தார்.

"நான் தண்டனையா நெனச்சுப் பூட்டல" என்றார். "எங்க வீடு அரிசி மில்லுக்கு ஒட்டுனாப்புல இருந்துச்சு. ராத்திரி பகல்னு சத்தம். சின்னப் பிள்ளையில இந்த ஹால்ல வந்து உக்காந்தப்பதான் முத தடவ என் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. அது எல்லாப் பிள்ளைக்கும் கெடைக்கணும்னுதான் திரும்பி வந்தேன். அதக் காப்பாத்தணும்னுதான் பூட்டுனேன். பூட்டுன கேட்டுக்கு வெளிய நிக்கவனுக்கு அது கெடைக்கலங்கிறது..." கைமடிப்பைச் சரி செய்தார். "என் பேரு முன்னால இருக்கு. அதுக்கு எனக்கு இசைவில்ல."

சபை வரலாறு எனக்கு ஓரளவு தெரியும். தனக்கு வந்த பதவியை ஒருவர் அந்தச் சொல்லால் தானே நிறுத்தியதாக நான் எங்கும் படித்ததில்லை.

எஸ்.எம். ஐயாவுக்கு எழுத்தரின் நிதானம் ஒரு கணம் போய்விட்டது. "லே செல்வின், உன் வண்டிக்கு நீயே சிவப்புக் கொடி காட்டுதியாலே?"

"ஆமா ஐயா."

ஒரு பெயர் போயிற்று. எல்லோர் கண்களும் ரஹ்மத் டீச்சரிடம் போயின. அவர் எழுந்து நின்றபோது முகத்தில் கோபம் இருந்தது.

"இவ்வளவு நாளா என் பேரச் சொல்லிச் சண்ட போட்டிய. உனக்கு விருப்பமான்னு ஒருத்தராவது கேட்டியளா? செல்வின் சாருக்கு இசைவில்ல. எனக்கும் இசைவில்லன்னு சொல்லிட்டா என்ன செய்விய? பூட்டிட்டுப் போவிய, அப்படித்தான?"

அந்த ஒரு நிமிடம் பள்ளி மூடப்பட்டே கிடந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. இசக்கியம்மாள் தலை குனிந்துகொண்டார்.

எஸ்.எம். ஐயா அவர் பக்கம் திரும்பினார். "தப்புதான்மா. இப்ப கேக்கேன். விருப்பமா?"

"நான் உங்க சபை இல்ல. பத்து நிமிசம் கண்ண மூடுனா எனக்கு மீன் கொழம்புதான் ஞாபகம் வரும்."

"எனக்கு அம்பது வருசமா ரயிலுதான் வருது. அத விடுங்க."

முதலில் சிரித்தது செல்வின்தான்.

ரஹ்மத் டீச்சர் சிரிக்கவில்லை. விரல் விட்டுச் சொன்னார். இரண்டாம் வகுப்பை விட்டு வரமாட்டேன். ஆபீஸ் ரூமில் உட்காரமாட்டேன். வேண்டியவர்கள் வகுப்புக்கு வந்து கேட்கட்டும். காலை மௌனம் இருக்கட்டும், நீங்கள் நடத்துங்கள். ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும். "கடைசியா ஒண்ணு. செல்வின் சார் மெட்ராசுக்குப் போறதா இருந்தா நானும் இல்ல. நாளைக்கு எனக்குக் கணக்கு யாரு பாப்பா?"

செல்வின், "போகல" என்றார்.

இந்த நிபந்தனைகளோடு ரஹ்மத் டீச்சரே தலைமையாசிரியை என்று எஸ்.எம். ஐயா எழுதினார். வாசித்தார். பிறகு எழுத்தர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். "எல்லாருக்கும் இசைவுன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. கேட்டுதா கேக்கலையா?"

"கேட்டுது" என்றார்கள் சிலர்.

"சரியா, சரியில்லையா?"

"சரி!"

வடகரைப் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தார். "அந்தப் பக்கம் லைன் கிளியரா?"

"கிளியர், கிளியர். வண்டிய விடுங்க" என்றார் இசக்கியம்மாளின் கணவர். அவர் அங்கே பேசியது அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் நான் நல்ல பதிவாளர் ஆகமாட்டேன். டி.சி. கேட்டவர்களில் சிலர் பிறகும் போனார்கள். ஒன்பதையும் பத்தையும் நடத்த முடியாமல் நிறுத்தினோம். உயர்வகுப்புக் கணிதம் கற்பிக்க வந்த செல்வின் இன்று மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லித்தருகிறார். சபைப் பெரியவர்களில் ஒருவர் அதற்குப் பின் கூட்டத்துக்கு வரவேயில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை பள்ளி நிற்கிறது. கூட்டமென்றால் காப்பி முதலில். இப்போது பெற்றோர் எழுந்து எழுந்து பேசுவதில் நடுவே மௌனம் கிடைப்பதுதான் கடினமாக இருக்கிறது. எஸ்.எம். ஐயா போன ஆண்டு எழுத்தர் பொறுப்பை விட்டபோது, "கொஞ்சம் பேசாமத்தான் இருங்களேன்" என்று கெஞ்சியதே அவருடைய கடைசி உரையாக அமைந்தது.

உங்கள் வகுப்பிலும் ஒரு நாள் கேள்வி கேட்டுவிட்டு நிற்பீர்கள். முப்பது முகங்களும் பேசாமல் இருக்கும். புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்தைத் திருப்பத் தோன்றும். அப்போது அந்த வைகாசிக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் கேளுங்கள். அவர்கள் எங்கே வாய் திறந்து பேசுவார்கள் என்று தெரிந்துகொண்டு, முடியுமானால் அங்கே போய்க் கேளுங்கள். நனைய நேர்ந்தாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று. நாளைக் காலை நீங்கள் வரும்போது மணி அடித்திருக்கும், உள்ளே அமைதியாக இருக்கும். திறந்த கதவருகே ஒருவர் கறுப்புக் குடையோடு சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வடகரைப் பேருந்து வந்ததும் குடையை விரித்துக்கொண்டு எதிரே போவார். ஓடி வருகிற பிள்ளைகளிடம், "பைய வாங்கலே, கதவு எங்கயும் போகாது" என்பார். கடைசிப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் தானும் வந்து வட்டத்தில் உட்கார்வார். தன் மௌனத்தில் பாதியை அவர் தினமும் அந்தக் கதவருகில் நின்றபடியே கழிக்கிறார். அவரைக் காவலாளி என்று நினைத்து வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டுவிடாதீர்கள். போன ஆண்டு புதிதாக வந்தவர் கேட்டார். செல்வினும் குடையை மடக்கிக்கொண்டு போய் இடம் காட்டிவிட்டு வந்தார்.